பவுலின் ஜாரிக்கோ: வாரம் ஒரு காசு கேட்ட பெண் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

அக்டோபரில் கடைசிக்கு முந்தைய ஞாயிறு நம் கோயில்களில் மறைபரப்பு ஞாயிறு. காணிக்கை உறை தருவார்கள், சில பங்குகளில் ஏலமும் நடக்கும். எங்கள் பங்கில் ஒரே சேவலை ஒரே நாளில் மூன்று முறை ஏலம் விட்டிருக்கிறார்கள். எடுத்தவர் பணத்தைக் கட்டிவிட்டு "கோயிலுக்கே இருக்கட்டும்" என்று சேவலைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அது மறுபடி மேடை ஏறும். மறைபரப்புக்குக் காசு சேர்ப்பதை முதலில் யார் ஆரம்பித்தது என்று மறைக்கல்வி வகுப்பில் ஒரு பையன் கேட்டான். பிரான்ஸ் நாட்டில் ஒரு பெண் என்றேன். "எந்த சபை சிஸ்டர்?" என்றான். சிஸ்டரே இல்லை என்றதும் வகுப்பில் கேள்விகள் வரிசை கட்டின. பெரியவர்களும் அவற்றையே கேட்கிறார்கள் என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

யார் இந்தப் பவுலின்?

பவுலின் மேரி ஜாரிக்கோ. 1799 ஜூலை 22 அன்று பிரான்சின் லியோன் நகரில் பிறந்தவர், 1862 ஜனவரி 9 அன்று அதே ஊரில் இறந்தவர். துறவற சபை எதிலும் சேராத பொதுநிலைப் பெண். மறைபரப்புக்கு வாரம் ஒரு காசு சேர்க்கும் முறையையும், 'வாழும் செபமாலை' என்ற செபக் குழுக்களையும் தொடங்கியவர். 2022 மே 22 அன்று லியோனில் அருளாளராக, அதாவது புனிதர் பட்டத்துக்கு முந்தைய நிலைக்கு, உயர்த்தப்பட்டார்.

பேரை எப்படிச் சொல்வது? சிலர் 'ஜாரிகாட்' என்கிறார்களே?

ஆங்கில எழுத்தைப் பார்த்துப் படித்தால் அப்படித்தான் வரும். பிரெஞ்சில் கடைசி 'ட்' ஒலிக்காது, அதனால் ஜாரிக்கோ. முதல் பேரையும் 'போலின்' என்பதுதான் அவர்கள் உச்சரிப்புக்குப் பக்கம். நமக்குப் பவுல், பவுலின் பழகிய பெயர்கள், அப்படியே வைத்துக்கொண்டேன்.

பணக்கார வீட்டுப் பெண்ணா?

ஆமாம். லியோன் பட்டுக்குப் பேர்போன ஊர். அப்பா அந்துவான் ஜாரிக்கோ பட்டு வியாபாரி. ஏழு பிள்ளைகளில் கடைக்குட்டி பவுலின். நல்ல துணி, நகை, விருந்து, நடனம் என்று செல்லமாக வளர்ந்தார். அழகி என்று ஊரில் பேர். அது தனக்குத் தெரியும் என்பதையும் அவர் மறைத்ததில்லை.

பதினைந்து வயதில் ஒரு நாள் முக்காலி மேல் ஏறி உயரத்தில் இருந்த எதையோ எடுக்கப்போய்க் கீழே விழுந்தார். அடி நரம்பைத் தாக்கி, கைகால் அசைவும் பேச்சும் தடுமாறின. மகளின் நிலையைப் பார்த்து நொந்துபோன அம்மாவும் படுத்துவிட்டார். 1814 இறுதியில் இறந்தும் போனார். மகள் தாங்கமாட்டாள் என்று அந்தச் செய்தியைக் கொஞ்ச காலம் சொல்லாமலே வைத்திருந்தார்கள். மெல்ல மெல்லத்தான் தேறி வந்தார்.

அப்படியானால் விபத்துதான் அவரை மாற்றியதா?

அப்படி எழுதினால் கதைக்குப் பொருத்தமாக இருக்கும். ஆனால் நடந்தது வேறு. உடம்பு தேறியதும் பவுலின் பழைய உடைக்கும் விருந்துக்கும் திரும்பிவிட்டார். திருப்பம் 1816 தவக்காலத்தில்தான் வந்தது. செயின்ட் நிசியே கோயிலில் வுர்ட்ஸ் என்ற குரு, வீண் பெருமையைப் பற்றிப் பிரசங்கம் வைத்தார். பகட்டாக உடுத்தி உட்கார்ந்திருந்த இந்தப் பெண்ணுக்கு அது நேராக நெஞ்சில் தைத்தது. பூசை முடிந்ததும் போய் அவரைப் பார்த்தார்.

அதன்பிறகு நகைகளை விட்டார், ஆலையில் வேலை செய்யும் பெண்கள் போடும் சாதாரண உடைக்கு மாறினார், நோயாளிகளைப் பார்க்க மருத்துவமனைக்குப் போகத் தொடங்கினார். அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் வேளையில் ஃபூர்வியேர் குன்றில் இருக்கும் மாதா கோயிலில், தனியாக, கன்னிமை வார்த்தைப்பாடு கொடுத்தார். வயது பதினேழு.

வார்த்தைப்பாடு கொடுத்தவர் ஏன் மடத்தில் சேரவில்லை?

வகுப்பில் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். பக்தியுள்ள பெண் என்றால் ஒன்று கலியாணம், இல்லாவிட்டால் கன்னியர் மடம் என்றுதான் நம் வீடுகளிலும் பேசிப் பழக்கம். நடுவில் ஒருத்தி நின்றால் "என்னம்மா, ஏதாவது முடிவு பண்ணியிருக்கியா?" என்று விசாரிக்க நாலு பேர் வந்துவிடுவார்கள்.

பவுலின் அந்த நடுவிலேயே நின்றார். பின்னாளில் குன்றுச் சரிவில் 'லொரெத்' என்ற வீட்டை வாங்கி, சில பெண்களோடு செபமும் வேலையுமாகக் கூட்டு வாழ்க்கை நடத்தினார். ஆனால் அங்கி இல்லை, சபைச் சட்டம் இல்லை. அவருடைய வேலை முழுக்க ஆலைப் பெண்கள், வீட்டு வேலைக்காரிகள், கடைக்காரர்கள் நடுவில் இருந்தது. மடத்துச் சுவருக்குள் போயிருந்தால் அந்தக் காலத்தில் இத்தனை பேரிடம் நேராகப் போய்ப் பேசியிருக்க முடியாது என்பது என் எண்ணம்.

வாரம் ஒரு காசு என்பது என்ன திட்டம்?

பவுலினின் அண்ணன் ஃபிலேயாஸ் பாரிசில் குருமடத்தில் படித்துக்கொண்டிருந்தார். ஆசியாவுக்குக் குருக்களை அனுப்பும் பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபை கையில் காசில்லாமல் தவிப்பதை அவர் தங்கைக்கு எழுதினார். பிரெஞ்சுப் புரட்சியில் அதன் சொத்தும் போய், உதவி செய்தவர்களும் சிதறிப்போயிருந்த காலம். தங்கை தனக்குத் தெரிந்த ஆலைப் பெண்களிடம் கேட்டுக் கொஞ்சம் சேர்த்தார். ஆனால் ஒருமுறை வசூல் செய்வது வேறு, வாராவாரம் வருவது வேறு.

1819-இல் ஒரு மாலை. வீட்டில் எல்லாரும் மேசையைச் சுற்றிச் சீட்டு ஆடிக்கொண்டிருக்க, இவர் மட்டும் கணப்புப் பக்கம் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தார். சட்டென்று வழி தோன்றியது. காகிதம் தேடவில்லை, கைக்கு எட்டிய ஒரு சீட்டை எடுத்து அதன் மேலேயே எழுதினார். ஒவ்வொருவரும் பத்துப் பேரைப் பிடிக்க வேண்டும். பத்துப் பேரும் வாரத்துக்கு ஒரு 'சூ' தர வேண்டும். இப்படிப் பத்துக் குழுக்கள் சேர்ந்தால் நூறுக்கு ஒரு பொறுப்பாளர். பத்து நூறு சேர்ந்தால் ஆயிரத்துக்கு ஒருவர். பணம் கீழிருந்து படிப்படியாக மேலே போய் ஓரிடத்தில் சேரும்.

ஒரு சூ என்பது ஐந்து சென்டிம். இருபது சூ சேர்ந்தால் ஒரு பிராங்க். ஆலைப் பெண்ணும் தரக்கூடிய சில்லறை. சோற்றுக்கு உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனி டப்பாவில் போட்டு, வார முடிவில் கோயிலுக்குக் கொடுக்கும் பழக்கம் நம் அம்மாக்களிடம் உண்டு இல்லையா? அதே கணக்கு. சீட்டு பிடித்துப் பழகிய நம் பெண்களுக்கு அந்தப் பத்துப் பேர் ஏற்பாட்டை விளக்கவே வேண்டாம். தெரிந்தவரிடம் தெரிந்தவர் வாங்குவதால் வாரம் தப்பாது. தப்பினால் முகத்துக்கு நேரே கேட்பார்கள்.

காசோடு செபமும் சேர்ந்தே கேட்கப்பட்டது. அதையும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

அப்படியானால் மறைபரப்புப் பணிக்கான சபையை நிறுவியவர் இவர்தானே?

இங்கேதான் கதை கொஞ்சம் சிக்கல். அதே நேரத்தில் அமெரிக்காவில் லூயிசியானா பகுதி ஆயராக இருந்த துபூர் என்பவருக்கும் லியோனில் சிலர் பணம் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். ஊருக்கு ஒரு வசூல் என்று பிரியாமல், உலகம் முழுவதற்கும் ஒரே சங்கம் வைப்போம் என்று 1822 மே 3 அன்று லியோனில் ஒரு கூட்டம் கூடியது. கூடியவர்கள் எல்லாரும் ஆண்கள். விசுவாசப் பரப்புதல் சங்கம் அன்று பிறந்தது. நூறு, ஆயிரம் என்று பவுலின் போட்ட அதே ஏணியைச் சங்கம் எடுத்துக்கொண்டது. பவுலின் மட்டும் அந்த அறையில் இல்லை.

பல ஆண்டுகள் சங்கத்தின் பொறுப்பாளர்கள் அவரை நிறுவுநர் என்று ஒப்புக்கொள்ளவில்லை. நியாயமாகப் பார்த்தால் அவர்கள் பக்கமும் ஒரு வாதம் உண்டு: உலகளாவிய சங்கம் என்ற எண்ணம் அந்தக் கூட்டத்தில் உருவானது, அதைக் கட்டி நடத்தியதும் அவர்கள்தான். சரி, ஆனால் பணம் வந்த வழி யாருடையது? அந்த வழி இல்லாமல் கூட்டத்துத் தீர்மானம் மேசை மேல்தான் கிடந்திருக்கும். தான் ஒரு தீக்குச்சிதான், நெருப்பைப் பற்றவைத்ததோடு சரி என்று பவுலின் சொல்லிக்கொண்டதாக எழுதுகிறார்கள். அவர் அடக்கத்துக்காகச் சொன்னதை மற்றவர்கள் வசதியாகப் பிடித்துக்கொண்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சரியாக நூறு ஆண்டு கழித்து, 1922 மே 3 அன்று, திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் இந்தச் சங்கத்தைப் பாப்பிறை அமைப்பாக, அதாவது திருத்தந்தையின் நேரடிப் பொறுப்பில் உள்ள அமைப்பாக, உயர்த்தினார். தலைமையகமும் ரோமுக்குப் போனது. மறைபரப்பு ஞாயிறு 1926-இல் ஏற்படுத்தப்பட்டது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உள்ளூர்க் குருமாணவர் படிப்புக்கு உதவும் புனித பேதுரு சங்கத்தையும் 1889-இல் தொடங்கியவர்கள் ஸ்தெஃபனி, ஷான் பிகார் என்ற தாயும் மகளும். பாப்பிறை மறைபரப்பு அமைப்புகள் மொத்தம் நான்கு. அதில் இரண்டின் வேர் பொதுநிலைப் பெண்களிடம் இருக்கிறது.

வாழும் செபமாலை என்றால்?

1826-இல் தொடங்கியது. அன்றைக்குச் செபமாலையில் பதினைந்து மறையுண்மைகள், அதாவது இயேசு, மரியா வாழ்விலிருந்து தியானிக்கும் நிகழ்வுகள். முழுச் செபமாலையும் தினம் சொல்லுங்கள் என்றால் யார் சொல்வார்கள்? வயதான சிலர்தான். பவுலின் பதினைந்து பேரை ஒரு குழுவாக்கி, ஆளுக்கு ஒரு பத்து மணி என்று பிரித்துக் கொடுத்தார். ஒருவர் தினம் ஒரு பத்து மணி சொன்னால் போதும். பதினைந்து பேரும் சேர்ந்தால் அன்றைய முழுச் செபமாலை முடிந்தது. தெருவுக்கு ஒருத்தர், ஆலைக்கு ஒருத்தர் என்று எங்கெங்கோ இருந்துகொண்டே ஒரே செபமாலையைச் சொல்வார்கள்.

1832-இல் ரோமின் ஒப்புதல் கிடைத்தது. சில ஆண்டுகளிலேயே பிரான்சில் உறுப்பினர் எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தொட்டது. அப்புறம் 2002-இல் ஒளியின் மறையுண்மைகள் சேர்ந்தபின் மொத்தம் இருபது. இப்போது குழு அமைப்பவர்கள் இருபது பேராக அமைக்கிறார்கள். அன்பியக் கூட்டத்தில் செய்து பார்க்கலாம், வாட்சப் குழு இருந்தால் இன்னும் சுலபம். யாருக்கு எந்த மறையுண்மை என்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றிப் போட்டால் போதும்.

புனித பிலோமினாவுக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்?

நம்மூரில் பிலோமினா என்ற பெயர் இல்லாத பழைய கத்தோலிக்கக் குடும்பம் குறைவு. மைசூர்ப் பேராலயமும் அவர் பெயரில்தான் அறியப்படுகிறது. அந்தப் பெயர் இவ்வளவு தூரம் வந்ததில் பவுலினுக்குப் பெரிய பங்கு உண்டு.

1835-இல் பவுலினுக்கு இதய நோய் முற்றியது. அந்த நிலையிலேயே வண்டியில் ரோமுக்குப் பயணப்பட்டார். அங்கே எழுந்து நடக்க முடியாமல் மடம் ஒன்றில் படுத்திருந்தபோது, திருத்தந்தை பதினாறாம் கிரகோரியே வந்து பார்த்தார். இத்தாலியின் முஞ்ஞானோ ஊரில் பிலோமினாவின் திருத்தலத்துக்குப் போய்விட்டுத் தங்களிடம் நடந்தே வந்தேன் என்றால், அந்தப் புனிதையின் வணக்கத்தை அனுமதிப்பது பற்றி யோசிப்பீர்களா என்று இவர் கேட்டார். அப்படி நடந்தால் அது முதல் தரப் புதுமைதான் (அற்புதம்) என்றார் திருத்தந்தை. இந்தப் பெண் பிழைக்கமாட்டாள் என்றே அவர் நினைத்திருந்தார்.

ஆகஸ்ட் 10 அன்று முஞ்ஞானோவில் பவுலின் குணமானார். சொன்னபடி ரோமுக்குத் திரும்பிப் போய் நின்றார். 1837-இல் பிலோமினாவின் வழிபாட்டுக்கு அனுமதி வந்தது. ஆர்ஸ் பங்குத்தந்தை புனித ஜான் மரிய வியான்னிக்குப் பிலோமினாவின் திருப்பண்டம் (உடலின் எச்சம்) போய்ச் சேர்ந்ததும் இவர் வழியாகத்தான். பிற்பாடு 1961-இல், வரலாற்றுச் சான்று போதாது என்ற கேள்விகளால், பிலோமினாவின் பெயர் வழிபாட்டு நாள்காட்டியிலிருந்து எடுக்கப்பட்டது. அதற்காக யாரும் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை.

இவ்வளவு செய்தவர் ஏழையாக இறந்தார் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. அவர் வாழ்க்கையில் எனக்கு மிக முக்கியமான பகுதியும் அதுதான்.

லியோன் பட்டு நெசவாளர்களுக்கு 'கனுட்' என்று பெயர். கூலி போதாமல் 1831-இலும் 1834-இலும் அவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். "உழைத்து வாழ்வோம், இல்லையேல் போராடிச் சாவோம்" என்று அவர்கள் கொடியில் எழுதியிருந்தது. 1834-இல் பீரங்கிக் குண்டுகள் லொரெத் வீட்டுப் பக்கமே விழ, பவுலினும் உடன் இருந்தவர்களும் நிலவறையில் ஒளிந்திருந்தார்கள். வெறும் தர்மம் கொடுத்து இந்தப் பிரச்சினை தீராது என்பது அங்கே அவருக்கு உறைத்தது. நியாயமான கூலி, குடும்பத்தோடு இருக்க வீடு, பிள்ளைகளுக்குப் பள்ளி, ஞாயிறு ஓய்வு எல்லாம் உள்ள ஒரு ஆலை வேண்டும் என்று நினைத்தார். தொழிலாளர் உரிமை பற்றித் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1891-இல் சுற்றுமடல் எழுதுவதற்கு அரை நூற்றாண்டு முந்தைய நினைப்பு இது.

1845-இல் தெற்கே ருஸ்ட்ரேல் என்ற ஊரில் இரும்பு உருக்கும் ஆலையை வாங்கினார். தன் சொத்தைப் போட்டார், போதாததற்கு மற்றவர்களிடம் வாங்கினார். பெரிய மனிதர்கள் மட்டுமல்ல, வேலைக்காரப் பெண்களும் ஆலைத் தொழிலாளர்களும் 'மத்மசேல் ஜாரிக்கோ சொன்னால் சரி' என்று சேமிப்பை எடுத்துக் கொடுத்தார்கள். நிர்வாகத்தை அவர் நம்பி ஒப்படைத்த ஆட்கள் பணத்தைத் திசைதிருப்பிவிட்டார்கள். ஆலை திவாலானது.

அவர் ஏமாந்தார் என்பதை மறைத்துப் புனிதக் கதை எழுதுவதில் எனக்குச் சம்மதமில்லை. ஆளைப் பார்த்து நம்பினார், கணக்கைப் பார்க்கவில்லை. அதனால் ஏழைகளின் பணம் போனது. ஆனால் அதற்கப்புறம் அவர் என்ன செய்தார் என்று பாருங்கள். ஏமாற்றியவர்கள் மேல் பழியைப் போட்டு ஒதுங்கியிருக்கலாம். அதை விட்டு, சிறு தொகை கொடுத்தவர்களின் கடனை முதலில் அடைத்தே தீருவேன் என்று ஊர் ஊராகப் போய்க் கையேந்தினார். தன் எண்ணத்தால் வளர்ந்த அந்தச் சங்கத்தின் உதவியையும் நாடினார். அங்கே கதவு திறக்கவில்லை. முன்பு வீடு தேடி வந்தவர்கள் தெருவில் பார்த்தால் ஒதுங்கிப் போனார்கள். 1853-இல் நகராட்சியின் ஏழைகள் பட்டியலில் பெயர் ஏறியது. பட்டு வியாபாரி வீட்டுக் கடைக்குட்டிக்கு 'வறியவர்' என்று சான்றிதழ்.

சிலுவையை, அதுவும் மிகக் கனமான சிலுவையை, அன்போடு சுமக்கத் தெரிந்த ஒருவரை எனக்குத் தெரியும் என்று ஆர்ஸ் பங்குத்தந்தை பிரசங்கத்தில் இவர் பெயரைச் சொன்னார். முழுக் கடனும் தீராமலே 1862-இல் லொரெத் வீட்டில் கண் மூடினார்.

கடனோடு இறந்தவரை எப்படி அருளாளர் ஆக்கினார்கள்?

தொழிலில் தோற்பது பாவம் இல்லை. விசாரணையில் பார்த்தது நேர்மையையும் விசுவாசத்தையும். ஆனாலும் அந்தத் திவால் கதை அவர் பெயருக்கு நெடுநாள் கறையாக ஒட்டிக்கொண்டிருந்தது. 1963 பிப்ரவரியில் திருத்தந்தை இருபத்து மூன்றாம் யோவான் அவரை வணக்கத்துக்குரியவர் என, அருளாளர் நிலைக்கு முந்தைய படியில், அறிவித்தார். அதாவது இறந்து நூற்றோராண்டு கழித்து.

எந்தப் புதுமையை ஏற்றுக்கொண்டார்கள்?

2012-இல் லியோனில் மூன்றரை வயதுச் சிறுமிக்கு உணவு தொண்டையில் அடைத்து, மூச்சு நின்று, இதயமும் நின்றுபோனது. மருத்துவர்கள் கைவிட்ட நிலை. அது பவுலினின் 150-ஆம் நினைவு ஆண்டு. குழந்தை படித்த பள்ளியைச் சேர்ந்த குடும்பங்கள் பவுலினை நோக்கி நவநாள் செபம் சொல்லத் தொடங்கின. குழந்தை பிழைத்தது, மூளைப் பாதிப்பும் இல்லாமல் தேறியது. மருத்துவ ஆய்வுக்குப் பிறகு 2020 மே மாதம் திருத்தந்தை பிரான்சிஸ் இதை ஏற்றார். அருளாளர் பட்டத் திருப்பலியை நிறைவேற்றியவர் கர்தினால் தாக்லே. சங்கம் தொடங்கி அப்போது சரியாக 200 ஆண்டு.

புனிதர் பட்டம் எப்போது?

அதற்கு இன்னொரு புதுமை தேவை. நினைவு நாள் ஜனவரி 9.

தமிழ்நாட்டுக்கு ஏதாவது தொடர்பு உண்டா?

நேரடியாக அவர் இங்கே வந்ததில்லை. ஆனால் அண்ணன் சொல்லி அவர் யாருக்குக் காசு சேர்த்தாரோ, அந்தப் பாரிஸ் சபைதான் அன்று புதுச்சேரி மிஷனை நடத்தி வந்தது. 1830-களின் இறுதியில் பிரெஞ்சு சேசு சபைக் குருக்கள் மதுரை மிஷனுக்குத் திரும்பி வந்தார்கள். லியோன் சங்கம் வெளியிட்ட இதழில் இப்படிப்பட்ட மிஷன்களிலிருந்து போன கடிதங்கள் அச்சாகும். காசு கொடுத்த பத்துப் பேரும் அதைக் கைமாற்றிப் படிப்பார்கள். பனைமரம், காலரா, ஓலைக்கூரைக் கோயில் என்று நம் நாட்டைப் பற்றி ஒரு லியோன் ஆலைப் பெண்ணுக்குத் தெரிந்தது அப்படித்தான்.

லியோன் போனால் எங்கே பார்க்கலாம்?

ஃபூர்வியேர் குன்றில் லொரெத் வீடு புதுப்பிக்கப்பட்டு, பார்க்கத் திறந்திருக்கிறது. கல்லறை கீழே நகருக்குள், செயின்ட் நிசியே கோயிலில். பதினாறு வயதில் பகட்டாக உடுத்திப் பிரசங்கம் கேட்கப் போனாரே, அதே கோயில்.